ஹால் டிக்கெட்டுக்கு முந்தைய நாள்

2012 நவம்பர். மறுநாள் காலை செமஸ்டர் தேர்வு. வட மாவட்டம் ஒன்றில், நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில், அலுவலகக் கவுண்டருக்கு முன்னால் இருபது பேர் போல நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் ஹால் டிக்கெட் வாங்காதவர்கள். அதாவது, கட்டணப் பாக்கி உள்ளவர்கள். அந்த வரிசையை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தால் போதும், யாரிடமும் சாதிச் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. கல்லூரிப் பேருந்தில் ஊர்த்தெரு நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் அதில் இரண்டு மூன்று பேர்தான். மீதிப் பேர் எல்லாம் காலனி நிறுத்தம்.

எனக்கு முன்னால் நின்றவள் என் வகுப்புத் தோழி. பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. புள்ளியியல் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுடையதுதான். எனக்குத் திட்ட விலக்கம் கணக்கிடச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அவளுக்குப் பாக்கி 6,400 ரூபாய்.

"சார், ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடறேன் சார்."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றீங்க. பேலன்ஸ் கட்டிட்டு வாங்க, அடுத்த நிமிஷம் தரேன். நான் என்ன என் வீட்டுக்கா கேக்கறேன்?"

அவர் கெட்டவரில்லை. எங்களைத் திட்டவுமில்லை, சாதி சொல்லவுமில்லை. அவருக்கு முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் அவள் பெயர் சிவப்பில் இருந்தது, அவ்வளவுதான். எனக்கும் பாக்கி இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் என் அம்மா தன் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் கொடுத்துப் பணம் வாங்கி வைத்திருந்தார். அதைக் கட்டி ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன். அவள் அம்மாவின் தோடு அந்த வருடம் அக்காவின் பிரசவத்துக்கே போய்விட்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வேறுபாடு அந்தத் தோடு. மதிப்பெண் இல்லை, ஆர்வம் இல்லை, மேடைகளில் சொல்வார்களே, விடாமுயற்சி, அதுவும் இல்லை.

அவள் அந்தத் தேர்வுகளை எழுதவில்லை. ஜனவரியில் கல்லூரி திறந்தபோது வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'டிஸ்கண்டினியூட்' என்று எழுதியிருந்தார்கள். வகுப்பு ஆசிரியர், "நல்லா படிக்கற பொண்ணு, அவளே நின்னுட்டா" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த 'அவளே' என்ற சொல்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

ஏனென்றால் அந்த நவம்பருக்கு இரண்டு மாதம் முன்பு, 2012 செப்டம்பரில், தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை அரசாணை எண் 92-ஐ வெளியிட்டிருந்தது. வருமான வரம்புக்குள் வரும் பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்கள் சுயநிதிக் கல்லூரிகளிலும் கட்டாயக் கட்டணங்களைக் கட்ட வேண்டியதில்லை, அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். கவுண்டரில் இருந்தவருக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாது. நான் அந்த அரசாணையை முதன்முதலில் படித்தது முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த பிறகு, வேறொரு ஆவணத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது. தேதியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அதற்கு மேல் எதையும் படிக்க முடியவில்லை.

கல்வித்துறையில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: இடைநிற்றல். இலக்கணப்படி பார்த்தால் நிற்பது மாணவர். எழுவாய் அவர்தான். நிறுத்தியவர் என்று ஒருவர் அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

நாடாளுமன்றத்திலும் இதே இலக்கணம்தான். 2023 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மக்களவையில் ஒரு கணக்கைக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒன்றியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம் ஆகியவற்றிலிருந்து வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். காரணம் கேட்டபோது, மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கும் மாறிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அப்படி மாறிப்போனவர்களும் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2021-இல் மாநிலங்களவையில் கொடுத்த இன்னொரு கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னணி ஐஐடிகள் ஏழில், ஐந்து ஆண்டுகளில் இளநிலைப் படிப்பிலிருந்து வெளியேறியவர்களில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் இடஒதுக்கீட்டுப் பிரிவினர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். இந்த இரண்டு பிரிவுக்கும் சேர்த்து இருக்கும் இடம் 22.5 விழுக்காடு. வாய்ப்புகள் அதிகமாக இருப்பதால்தான் வெளியேறுகிறார்கள் என்றால், இந்த நாட்டிலேயே அதிக வாய்ப்புகள் கொட்டிக் கிடப்பது சேரிகளிலும் மலைக்கிராமங்களிலும் என்று ஆகிறது. அமைச்சகம் அதைச் சொல்லத் தயாரா?

தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. 'அது ஐஐடி, அது பார்ப்பனிய நிறுவனம், நம் ஊர் வேறு' என்று சொல்லிவிடலாம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் நம்முடைய மொத்தச் சேர்க்கை விகிதம் 47. இந்திய சராசரி 28.4. இந்திய அளவில் பட்டியல் சாதியினருக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. இந்த 47-ஐ நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு களையெடுக்கப் போன ஒருவரின் மகள் நான். சத்துணவு, இலவசப் பேருந்து அட்டை, ஆதிதிராவிடர் நல விடுதி, இடஒதுக்கீடு, இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த எண் என்ன எண்ணுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்பதைத்தான் அது எண்ணுகிறது. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதை அல்ல. என் தோழியும் 2012-13 கல்வியாண்டின் சேர்க்கைக் கணக்கில் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

இடஒதுக்கீடு கதவைத் திறந்தது. உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பதை நாம் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டோம். எதிரிகள் அந்தக் கேள்வியை வேறு நோக்கத்தோடு கேட்பதால், 'பார், சேர்த்துவிட்டாலும் அவர்களால் முடிக்க முடியவில்லை' என்று சொல்லக் காத்திருப்பதால், நமக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது முதலாமாண்டில் இருக்கும் பிள்ளைகள்.

பணத்தின் நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஏமாற்று வேலை மிகச் சாதாரணமாக நடக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கும் திட்டம். வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது அம்பேத்கர் போராடி வாங்கியது. எண்பது ஆண்டு வயதான ஒரு திட்டத்துக்கு, கல்லூரி ஜூன் ஜூலையில் திறக்கும் என்ற செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கட்டணம் சேர்க்கையின்போதே கேட்கப்படுகிறது. உதவித்தொகை அந்தக் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வரும், சில நேரம் அது முடிந்த பிறகும் வரும். இடைப்பட்ட மாதங்களில் அந்தக் கடனை யார் சுமப்பது? அரசு சுமக்கவில்லை. கல்லூரியும் சுமக்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை சுமக்கிறது. சட்டப்படி பார்த்தால் கல்லூரிக்குக் கடன்பட்டிருப்பது அரசு, ஆனால் கவுண்டரில் தலைகுனிந்து நிற்பது மாணவி.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்தத் திட்டத்தை மாற்றியமைத்து, ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு பிரித்தது. ஒன்றியத்தின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும், அவர் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, இடைத்தரகர் இல்லை, நம் பணம் நம் கையில். நடைமுறையில் என்ன ஆனது என்றால், முன்பு அரசுக்கும் கல்லூரிக்கும் நடுவில் இருந்த நிலுவை இப்போது மாணவருக்கும் கல்லூரிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆதார் இணைக்காத கணக்கு, பெயரில் ஓர் எழுத்து மாறியது, வருமானச் சான்றிதழ் காலாவதியானது, எதுவாக இருந்தாலும் பணம் நின்றுவிடும். இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கும் முன்னால் இன்னொரு சுவர்: பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஏறி இறங்குவது. கல்லூரியில் ஓராண்டு முடிந்தும் சான்றிதழ் கைக்கு வராதவர்களை எனக்கே தெரியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் பத்தாண்டுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. கூலி ஏறியது, விலைவாசி ஏறியது, வரம்பு மட்டும் ஏறவில்லை.

இதைச் சரிசெய்யவே முடியாதா என்றால், முடியும், செய்திருக்கிறார்கள். 2020 நவம்பரில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதன்முதலாக மருத்துவ இடங்கள் கிடைத்தன. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இடத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். செய்தி பரவியது, கொதிப்பு எழுந்தது. கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், சுழல் நிதி ஒன்றை உருவாக்கி உதவித்தொகைக்குக் காத்திராமல் அரசே கல்லூரிக்குக் கட்டிவிடும் என்று அன்றைய அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த அரசு, பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் ஏற்றது. ஆக, பணத்தை முன்கூட்டியே கல்லூரிக்குத் தர அரசு இயந்திரத்துக்குத் தெரியும். ஒரு வாரத்தில் செய்யவும் தெரியும். அப்புறம், உதவித்தொகையை மட்டும் நம்பிக் கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஏன் அந்தச் சுழல் நிதி கிடையாது? மருத்துவ இடம் போனால் செய்தி. பொருளாதார இடம் போனால் 'அவளே நின்னுட்டா'.

புதுமைப் பெண் திட்டத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 2022-இல் தொடங்கியது, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024-இல் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேருந்துக்கும் நாப்கினுக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் ஆகும். அதைவிட முக்கியம், அது மாதாமாதம் வருகிறது. ஏழைக்குத் தொகை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எப்போது வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. மார்ச்சில் வரும் இருபதாயிரத்தைவிட நவம்பரில் வரும் ஆறாயிரத்து நானூறு பெரியது.

நாட்டின் உச்ச நீதிமன்றமே இந்த நாட்காட்டியோடு இரண்டு முறை மல்லுக்கட்டியிருக்கிறது. 2021-இல், ஐஐடி பம்பாயில் இடம் கிடைத்த தலித் மாணவர் ஒருவர், கார்டு வேலை செய்யாமல் கெடுவுக்குள் கட்டணம் கட்ட முடியவில்லை. அவருக்கு இடம் கொடுக்கும்படி அந்த நவம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் அதுல் குமார். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டம், தினக்கூலித் தொழிலாளியின் மகன். ஐஐடி தன்பாதில் மின்பொறியியல் இடம், கட்ட வேண்டியது 17,500 ரூபாய், கெடு ஜூன் 24 மாலை 5 மணி. ஊரெல்லாம் கேட்டுத் திரட்டிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம், அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம், கடைசியில் உச்ச நீதிமன்றம். செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. நாமும் கைதட்டினோம், கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் 17,500 ரூபாய்க்கு 142-ஆவது பிரிவு தேவைப்படுகிறது என்றால், உச்ச நீதிமன்றம் வரை போக முடியாத எத்தனை பேர் ஐந்து மணிக்கு மூடிய இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வேலைக்குப் போயிருப்பார்கள்?

பணம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. அடுத்தது வகுப்பறை.

ஆய்வு மாணவியாக இருந்துகொண்டே இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருநாள் தேவை நெகிழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பாடநூலில் அதற்கு இரண்டு பக்க விளக்கம், ஒரு வரைபடம். கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பையனிடம் கேட்டேன். எழுந்து நின்றான், பேசவில்லை. "தமிழ்லயே சொல்லுப்பா, உங்க வீட்டு சமையல வச்சுச் சொல்லு" என்றேன். "தக்காளி வெல ஏறுனா எங்கம்மா புளிய அதிகமா கரைச்சு ஊத்திடுவாங்க மேம். உப்பு வெல ஏறுனா ஒன்னும் பண்ண முடியாது, வாங்கித்தான் ஆவணும்" என்றான். பதிலிப் பொருள் உள்ள பண்டத்துக்கும் இல்லாத பண்டத்துக்கும் உள்ள நெகிழ்ச்சி வேறுபாட்டை அதைவிடத் தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அந்த செமஸ்டர் அந்தத் தாளில் அவனுக்கு அரியர். ஆங்கிலத்தில் எழுத வேண்டும், எழுதத் தெரியவில்லை. கல்லூரியின் கோப்பில் அவன் பெயர் 'ஸ்லோ லேர்னர்' பட்டியலில் போனது. நாக் குழு வரும்போது காட்டுவதற்காக அப்படி ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். மெதுவாகக் கற்பவர், வேகமாகக் கற்பவர் என்று பிரித்து, மெதுவானவர்களுக்கு என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். வேகம் என்பது மொழியின் வேகமா, மூளையின் வேகமா என்று அந்தப் படிவத்தில் எங்கும் கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எந்தப் பள்ளியிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று ஒரு கூடுதல் பத்தி சேர்த்துப் பாருங்கள். கல்லூரிக்கு மனுதர்மம் தேவைப்படாது, எக்செல் போதும்.

முதல் செமஸ்டரில் விழும் அந்த ஓர் அரியர் அதோடு நிற்பதில்லை. மறுதேர்வுக்குக் கட்டணம். பழைய தாளும் புதிய தாளும் சேர்ந்து அடுத்த செமஸ்டரில் சுமை கூடுகிறது. 'அரியர் கேஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் 'படிச்சது போதும்' என்ற பேச்சு தொடங்குகிறது, பெண்ணாக இருந்தால் கூடவே மாப்பிள்ளைப் பேச்சும். மூன்றாம் ஆண்டில் ஒருவர் நின்றுபோனால், அது மூன்றாம் ஆண்டில் நடந்ததில்லை. முதல் செமஸ்டரிலேயே அது தெரிந்திருக்கும், பார்க்க வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால்.

பார்க்க நினைத்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்திலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் ஏராளமாகப் படிக்கும் இடம். 2003 வாக்கில் அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரம் பேர் போலக் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட்டார்கள். அந்தப் பெயர்களை எடுத்துப் பார்த்தபோது, பட்டத்துக்கு மிக அருகில் வந்துவிட்ட பலரும் சில நூறு டாலருக்காகத்தான் வெளியே போகிறார்கள் என்று தெரிந்தது. 2011-இல் ஒரு வேலை தொடங்கினார்கள். விண்ணப்பம் கிடையாது, மனு கிடையாது. பாக்கிப் பட்டியலைப் பல்கலைக்கழகமே பார்த்து, இன்னார் நன்றாகப் படித்துவந்தவர், மற்ற உதவிகள் தீர்ந்துவிட்டன என்று தெரிந்தால் அந்தச் சிறுதொகையைத் தானே கட்டிவிட்டது. கூடவே முதலாண்டுப் பாடங்களில் தடுமாறுகிறவர்களை உடனடியாகக் கூப்பிட்டுப் பேச ஆலோசகர்களை நியமித்தது. பின்னாளில் அங்கே பட்டம் பெறுவோர் விகிதம் பாதியைத் தாண்டியது. வெள்ளையர், கறுப்பர் என்ற இடைவெளியும் மூடியது. நன்றாகப் படிக்கிறவர்களாகத் தேடிப் பிடித்துச் சேர்த்து இதைச் சாதிக்கவில்லை. கவுண்டரில் கேட்கும் கேள்வியை மாற்றினார்கள்.

இந்த எடுத்துக்காட்டை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை, அதில் ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. அங்கே பல பல்கலைக்கழகங்கள் யார் தோற்கப்போகிறார் என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்களை வாங்கின. 2021-இல் 'தி மார்க்அப்' இதழ் ஒரு புலனாய்வு வெளியிட்டது. சில பல்கலைக்கழகங்களில் அந்த மென்பொருள் மாணவரின் இனத்தையே ஒரு காரணியாக எடுத்துக்கொண்டு, கறுப்பின மாணவர்களை வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாக 'அபாயம்' என்று குறியிட்டிருந்தது. நம் ஊரில் அப்படி ஒரு மென்பொருள் வந்தால் சாதிப் பத்தியை முதலில் படிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாணவரைப் பற்றிய ஆரூடம் நமக்கு வேண்டாம். நிறுவனத்தின் பாக்கிப் பட்டியலையும் அரியர் பட்டியலையும் யாராவது உரிய நேரத்தில் திறந்து பார்த்தால் போதும்.

ஆய்வுப் படிப்புக்கு வந்தால் கவுண்டர் மறைந்து, அதன் இடத்தில் ஒரு கையெழுத்து வந்து நிற்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமாரை இன்றைய தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பன்னியாண்டி சமூகத்தில் பிறந்தவர். 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் இறந்து கிடந்தார். அவருக்கு வழிகாட்டி ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு தாளில் தேர்ச்சி பெறவில்லை என்பதால் உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. வினோத் பவராலா தலைமையில் அமைந்த குழு, அந்தத் துறையில் வழிகாட்டி ஒதுக்கும் நடைமுறை சீராக இல்லை என்பதையும், பட்டியல் சாதி மாணவர்கள் அதைச் சாதியப் பாகுபாடாகவே உணர்ந்தார்கள் என்பதையும் பதிவு செய்தது. எட்டு ஆண்டு கழித்து அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. அவருக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. அதைத் தன் குடும்பத்துக்குச் சேர்த்துவிடும்படி கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார். ரோகித்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டும். ஆனால் நிலுவையைப் பற்றிய அந்த வரியை எந்த அரசும் ஒரு நிர்வாகக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லவில்லை.

என் கதை அவ்வளவு பெரியதில்லை. தமிழ்நாடு அரசு முழுநேர ஆய்வு மாணவர்களான எங்களுக்குத் தரும் ஊக்கத்தொகை ஆண்டுக்கு ஒரு லட்சம். மாதத்துக்கு 8,333 ரூபாய் வருகிறது. ஜே.ஆர்.எஃப். வாங்கும் ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000. நூலகம் ஒன்றுதான், ஆய்வேட்டின் பக்க எண்ணிக்கையும் ஒன்றுதான். அந்த ஒரு லட்சத்துக்கும் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும், துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். என் முதல் வழிகாட்டி ஆறு வாரம் அந்தத் தாளை மேசையில் வைத்திருந்தார். மறதி என்றார். அந்த ஆறு வாரத்தில் அவர் மகளின் ப்ராஜெக்டை டைப் செய்து கொடுத்தது நான்தான். அது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. பிறகு வழிகாட்டியை மாற்றிக்கொண்டேன், மாற்றுவதற்கு ஓராண்டு போனது. இப்போது நான் 'தாமதமாக ஆய்வேடு சமர்ப்பிப்பவர்' பட்டியலில் இருக்கிறேன்.

2012-இல் யுஜிசி கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் இருக்க வேண்டும். அவை வெறும் காகிதமாகக் கிடக்கின்றன என்றுதான் ரோகித்தின் தாயும் மும்பையில் இறந்த மருத்துவர் பாயல் தட்வியின் தாயும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். பாகுபாட்டை விசாரிக்கும் குழு அவசியம். ஆனால் யாரும் யாரையும் திட்டாமல், சட்டம் எதையும் மீறாமல், ஒரு சிவப்பு வரியால் மட்டுமே நடக்கும் பாகுபாட்டை எந்தக் குழுவிடம் கொண்டுபோவது? என் தோழி யார் மீது புகார் எழுதியிருக்க முடியும்?

1946-இல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது வகுப்புகளைக் காலையில் வைத்தார்கள். படித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள்தான் வருவார்கள் என்று தெரிந்து வைத்த நேரம் அது. மாணவரைக் கால அட்டவணைக்கு ஏற்ப வளைக்காமல், கால அட்டவணையை மாணவருக்கு ஏற்ப வளைத்தார்கள். நம் கல்லூரிகளிடம் நான் கேட்பதும் இவ்வளவுதான். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள எந்த மாணவரின் ஹால் டிக்கெட்டும் பாக்கிக்காக நிறுத்தப்படக் கூடாது. பாக்கி அரசுடையது, அரசிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். 7.5-க்கு வந்த சுழல் நிதி பி.ஏ.வுக்கும் பி.எஸ்சி.க்கும் வரட்டும். முதல் செமஸ்டர் தாள்களைத் தமிழிலும் எழுதலாம் என்பது விதியில் இருந்தால் மட்டும் போதாது, தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையாது என்பதை வகுப்பில் சொல்லிக்காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கல்லூரியும் எத்தனை பேரைச் சேர்த்தது என்பதோடு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து எதிரிகள் சிரிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். அது நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் இல்லை, கல்லூரிகளுடையது.

என் தோழியைப் போன ஆடியில் பார்த்தேன். திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் தள்ளுபடி நேரத்துக் கூட்டத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். அரசாணை 92 பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லவில்லை. அவள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாளாம். "கணக்குல நல்லா போடறா, உன் நம்பர் குடு, காலேஜ் சேக்கறப்ப உன்னக் கேப்பேன்" என்றாள். கொடுத்தேன்.

இப்போது நாங்கள் நான்கைந்து ஆய்வு மாணவர்கள் சேர்ந்து, அருகிலுள்ள இரண்டு கல்லூரிகளின் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தருகிறோம், ஆதார் இணைப்பைச் சரிபார்க்கிறோம், பாக்கி யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். திங்கட்கிழமை செமஸ்டர். நேற்று இரவு வரைக்கும் நோட்டில் மூன்று பெயர் மிச்சம். ஒருவருக்கு 4,200, ஒருவருக்கு 7,850, ஒருவருக்கு 3,000. கவுண்டர் காலை பத்து மணிக்குத் திறக்கும். அரசாணையின் நகலை எடுத்து வைத்திருக்கிறேன்.